ஒரு நோவும் இல்லை, ஐயா

(மருத்துவமனை ஞாயிறையொட்டி நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. வர இயலாத அன்பர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



வழக்கமாக இக்கூட்டத்தில் எங்களைப் பேச அழைத்தால், படுக்கையருகே கண்டதையும் கேட்டதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். நோயைப் பற்றிப் பேச டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்த முறை மட்டும் அந்த வரம்பைத் தாண்டுகிறோம். எங்கள் போதகர் பணிப் பிரிவு செய்த ஒரு தவறு எங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை; இரத்தம் நம் உடலில் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் அதை விளக்கவும் முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொத்தனார் தம் மனைவியைக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காக எங்களிடம் சேர்த்திருந்தார். ஊரில் எல்லாரும் அவரை மேஸ்திரி என்றே அழைப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், கல்போன்ற உடம்பு. ஒருநாள் பிற்பகல், வேலை சற்று ஓய்ந்திருந்த நேரத்தில், வார்டு சிஸ்டர் நோயாளிகளுக்குத் துணையாக வந்திருந்தவர்களையும் வரிசையாக உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். மேஸ்திரிக்கு 210க்கு 120 காட்டியது. சிஸ்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார், சிறிது நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார், அதே கணக்குத்தான். டாக்டர் வந்தார், சோதனைகள் நடந்தன, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மேஸ்திரி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, மனைவியை மறுபரிசோதனைக்கு அழைத்து வந்தபோது நடைபாதையில் எங்களைச் சந்தித்தார். "மேஸ்திரி, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டோம். "அதை நிறுத்தியாச்சு ஐயா. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஒரு நோவும் இல்லை. கோபமே வராத ஆளு நான்; எனக்கு எப்படி ஐயா ரத்தக் கொதிப்பு வரும்?" என்றார். நாங்களும் சிரித்தோம். அம்மாவின் சுகத்தை விசாரித்தோம்; ஒரு சிறு ஜெபம் செய்து அனுப்பிவைத்தோம். சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது டாக்டர்களின் காரியம், நம்முடையதல்ல என்று நினைத்துவிட்டோம்.

மேஸ்திரியைப் பிறகு பார்ப்போம். முதலில் அவர் சொன்ன அந்தச் சொல்லைப் பார்ப்போம்.

இரத்தக் கொதிப்பு! நம் ஜனங்கள் நாவில் நிலைத்துவிட்ட சொல் இது. சொல் நல்ல சொல்தான், ஆனால் வழி தவறிக் கூட்டிச் செல்கிறது. கொதிப்பு என்றதும் சூடு நினைவுக்கு வருகிறது. சூடு என்றதும் கோபம் நினைவுக்கு வருகிறது. ஆகவே சாதுவான மனிதர் தமக்கு அது வராது என்று நம்புகிறார். உள்ளபடி சொன்னால், இரத்தம் கொதிப்பதில்லை. அழுத்தம் 120 இருப்பவருக்கும் 210 இருப்பவருக்கும் இரத்தத்தின் சூடு ஒன்றுதான். கோபத்தில் அழுத்தம் சற்று நேரம் ஏறி, பிறகு இறங்கும். படி ஏறினாலும் அப்படியே. நோய் என்று நாம் சொல்வது, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் இறங்காமல் நிற்கும் அழுத்தத்தை. அது கோபக்காரருக்கும் வரும், சாந்தகுணமுள்ளவருக்கும் வரும், போதகர்களுக்கும் வரும்.

அப்படியானால் எது எதை அழுத்துகிறது? ஓடுகிற இரத்தம் குழாயின் சுவரை அழுத்துகிறது. அவ்வளவுதான். ஆனால் இரத்தம் ஓடுகிறது என்பதையே மனிதர் நெடுங்காலம் அறியாதிருந்தார்கள். கேலன் என்ற பழைய மருத்துவரின் போதனைப்படி, உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகிறது என்று ஏறத்தாழ 1400 ஆண்டுகள் நம்பினார்கள். 1628இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் ஒரு சாதாரணக் கணக்குப் போட்டார். இருதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளும், அரைமணி நேரத்தில் எத்தனை துடிப்பு என்று பெருக்கிப் பார்த்தார். எவ்வளவு குறைவாக மதிப்பிட்டாலும், வந்த தொகை உடலில் இருக்கும் இரத்தம் முழுவதையும்விட அதிகமாக இருந்தது. அரைமணியில் அவ்வளவு இரத்தத்தைப் புதிதாக உண்டாக்க எந்த உணவாலும் முடியாது. ஆகவே போன இரத்தமே திரும்பி வரவேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இன்று அந்தக் கணக்கு நமக்குத் துல்லியமாகத் தெரியும். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. ஓய்ந்திருக்கும் இருதயம் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லிலிட்டர் வீதம், நிமிடத்துக்கு 70 முறை தள்ளுகிறது. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 5 லிட்டர் வரும். அதாவது உடலில் உள்ள இரத்தத்தின் அளவு முழுவதும் ஒரு நிமிடத்தில் இருதயத்தைக் கடந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 7000 லிட்டர்! சாலையில் போகும் தண்ணீர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். நம் கைமுட்டி அளவுள்ள ஒரு சதைப்பை அப்படி ஒரு லாரி அளவு இரத்தத்தைத் தினந்தோறும் இறைக்கிறது.

ஓட்டம் தெரிந்துவிட்டது, அழுத்தத்தை அளந்தவர் யார்? இதைப் படித்தபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதை முதலில் அளந்தவர் மருத்துவர் அல்ல, ஒரு கிராமத்துக் குருவானவர்!

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் டெடிங்டன் என்ற ஊரில் 1709 முதல் 1761இல் மரிக்கும்வரை குருவாக இருந்தவர் ஸ்டீவன் ஹேல்ஸ். ஊருக்கு நல்ல தண்ணீர் கிடைக்க ஏற்பாடு செய்தவர். கப்பல்களின் அடித்தளத்திலும் சிறைச்சாலைகளிலும் மூச்சுத் திணறிக் கிடந்தவர்களுக்குக் காற்று கிடைக்க இயந்திரம் செய்து கொடுத்தவர். செடிகளில் நீர் எப்படி ஏறுகிறது என்று அளந்தவர், இரத்தம் எந்த வேகத்தோடு தள்ளப்படுகிறது என்பதையும் அளக்க விரும்பினார். தோள்மேட்டில் புண் வைத்திருந்த, 14 வயதான ஒரு பெண் குதிரையைக் கிடத்திக் கட்டினார். அதன் தொடைத் தமனியில் ஒரு பித்தளைக் குழலைச் செருகி, 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை அதனோடு நிமிர்த்திப் பொருத்தினார். கட்டை அவிழ்த்ததும் இரத்தம் குழாயில் ஏறியது. இருதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் வரை ஏறி நின்றது. நின்ற இடத்திலும் ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனைகளை 1733இல் புத்தகமாக வெளியிட்டார்.

மயக்க மருந்து இல்லாத காலம் அது. அந்தச் சோதனைகளின் கொடுமையைக் குறித்து அவருடைய நண்பரும் பக்கத்து ஊர்க்காரருமான கவிஞர் அலெக்ஸாண்டர் போப் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அந்தக் குதிரையின் பாடு வீணாகவில்லை. அதுவரை நாடி பிடித்து 'பலமாக இருக்கிறது, தளர்ந்திருக்கிறது' என்று மட்டுமே சொல்ல முடிந்தது. இப்போது அதற்கு ஓர் உயரம் கிடைத்தது, எண் கிடைத்தது.

இன்று கையில் பட்டை கட்டி 120 என்று சொல்கிறார்களே, அது அதே உயரந்தான். கண்ணாடிக் குழாயில் இரத்தத்துக்குப் பதிலாகப் பாதரசத்தை வைத்தால் 120 மில்லிமீட்டர் ஏறும் என்று பொருள். பாதரசம் கனமானது, ஆகையால் சிறிதளவே ஏறும். ஹேல்ஸின் குழாயில் இரத்தத்தையே ஏறவிட்டால், 120 என்பது ஐந்து அடி உயரமாகும். மேஸ்திரியின் 210? ஒன்பது அடிக்குச் சற்றே குறைவு. கட்டிக் கிடத்தப்பட்டு மிரண்டு கிடந்த ஒரு குதிரைக்காகச் செய்த குழாயை, வார்டு பெஞ்சில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரின் இரத்தம் ஒவ்வொரு துடிப்பின் உச்சத்திலும் ஏறத்தாழ விளிம்புவரை நிரப்பும் அளவு அழுத்தம் அது.

சரி, '120க்கு 80' என்று ஏன் இரண்டு எண்? நம் ஆலயத்து ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் இடது கையால் துருத்தியை விட்டு விட்டுத்தான் தள்ளுகிறார். ஆனாலும் பாட்டு விட்டு விட்டு வருவதில்லை. ஏன்? உள்ளே இன்னொரு துருத்தி இருக்கிறது. வெளித்துருத்தி தள்ளும்போது அது காற்றை வாங்கி உப்பிக்கொள்கிறது. கை ஓயும் நேரத்தில் வில்லின் விசையால் சுருங்கி, வாங்கியதைக் கொடுக்கிறது. நம் உடலில் அந்த உள்துருத்தி, இருதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியும் அதன் பெரிய கிளைகளும். இருதயம் சுருங்கித் தள்ளும்போது அவை விரிந்து இடங்கொடுக்கின்றன. அப்போதுள்ள அழுத்தமே மேல் எண். இருதயம் ஓய்ந்து நிரம்பும்போது அவை சுருங்கி இரத்தத்தை முன்னே அனுப்புகின்றன. அப்போது இறங்கி நிற்கும் அழுத்தமே கீழ் எண். இருதயம் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டேயிருப்பது இதனால்தான். ஹேல்ஸே இதைக் கண்டு, அக்காலத் தீயணைப்புப் பம்பில் இருந்த காற்றறையோடு ஒப்பிட்டிருக்கிறார். வயதானால் இந்தத் துருத்தி விறைத்துப்போகிறது. ஆகவேதான் முதியவர்களில் பலருக்கு மேல் எண் மட்டும் உயர்ந்து நிற்கிறது.

மகாதமனியின் வாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். அங்கிருந்து கிளை, கிளைக்குக் கிளை என்று பிரிந்து, கடைசியில் தலைமயிரைவிட மிக மெல்லிய நுண்குழல்கள். ஒரு சிவப்பணு உடம்பை நெளித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதற்குள் போகமுடியும். இவற்றை ஹார்வி தம் வாழ்நாளில் காணவில்லை. அவர் மரித்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661இல், இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலில் உருப்பெருக்கி வைத்துக் கண்டார். ஆற்றுநீர் வாய்க்காலில் பாயும்போது சலசலக்கும்; வயலில் பரவியதும் நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாது. அதுபோலவே மகாதமனியில் விரைந்து பாயும் இரத்தம் நுண்குழல்களில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஊர்கிறது. அந்த மெதுவான நேரத்தில்தான் பிராணவாயுவும் சத்தும் இறங்குகின்றன, கழிவு ஏறுகிறது. இருதயத்தின் உழைப்பு முழுவதும் இந்த ஓரிரு விநாடிகளுக்காகத்தான். அழுத்தம் வழி, ஓட்டமே நோக்கம்.

போகப்போக அழுத்தமும் குறைகிறது. மகாதமனியில் சராசரி 95 அளவில் இருப்பது, நுண்குழல் வாயிலில் 35 ஆகிறது. திரும்பி இருதயத்தை அடையும்போது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அப்படியானால் பாதத்திலிருந்து இரத்தம் எப்படி மேலே ஏறுகிறது? கெண்டைக்கால் சதை பிழிகிறது. சிரைகளுக்குள் உள்ள சிறு கதவுகள் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் பாதத்துச் சிரையில் அழுத்தம் 90 வரை நிற்கும். நடந்தால் 30க்கும் கீழே இறங்கிவிடும். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் நம் நர்ஸ் பிள்ளைகளுக்குக் கால் வீங்குவதற்கும், நீண்ட ஆராதனையில் நின்றுகொண்டிருக்கும் வாலிபர் சிலசமயம் மயங்கி விழுவதற்கும் காரணம் இதுதான். இரத்தம் காலில் தங்கிவிடுகிறது, தலைக்குப் போதவில்லை. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 95லிருந்து 35க்கு அழுத்தம் விழும் இடம் எது? நுண்குழல்களுக்குச் சற்று முன்னே உள்ள சிறு தமனிகள். அவற்றின் சுவரில் வளையம் வளையமாகச் சதை இருக்கிறது. அவைதாம் இந்தப் பாசனத்தின் மடைகள். 5 லிட்டர் இரத்தம் உடலின் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் போதாது. ஆகவே நீர்க்கட்டி முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல, சாப்பிட்டவுடன் குடலுக்கு, மண்வெட்டி பிடித்தால் தோளுக்கும் கைக்கும் என்று மடைகள் மாறி மாறித் திறந்து மூடுகின்றன. மூளைக்கு மட்டும் எந்நேரமும் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் போய்க்கொண்டே இருக்கும். கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் காவல் இருக்கின்றன. நீங்கள் இப்போது நாற்காலியிலிருந்து எழுந்தால், அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கால்பக்கம் இறங்கும். இரண்டொரு விநாடிக்குள் அந்தக் காவலர் செய்தி அனுப்ப, மடைகள் இறுகி, இருதயம் சற்று விரைந்து, தலை சுற்றாமல் நிற்கிறீர்கள்.

மடை எவ்வளவு மூடினால் ஓட்டம் எவ்வளவு குறையும்? பாதி மூடினால் பாதி குறையும் என்றுதான் நாம் நினைப்போம். பிரெஞ்சு மருத்துவர் புவாஸெய் 1840களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு அளந்து வேறொரு கணக்கைக் கண்டார். குழாயின் அகலம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது! மயிரிழை இறுகினாலும் பெரிய வித்தியாசம் உண்டாகும். ஆகவே உடலெங்கும் உள்ள சிறு தமனிகள் சற்றே இறுகி, இறுகியபடியே நின்றுவிட்டால், பழைய ஓட்டத்தைக் காப்பாற்ற அழுத்தம் ஏறியே ஆகவேண்டும். இரத்தக் கொதிப்பு என்ற நோயில் பெரும்பாலும் நடப்பது இதுவே.

உப்பு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். உப்பு நீரைப் பிடித்துவைக்கும். மிஞ்சிய உப்பை வெளியேற்றும் வேலை சிறுநீரகங்களுடையது; பலருக்கு, அழுத்தம் உயர்ந்தால்தான் அவை அந்த வேலையைச் செய்து முடிக்கின்றன. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்கிறோம், சரிதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்று வரம்பு கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

இவ்வளவு நடந்தும் மனிதருக்கு ஏன் நோவு தெரிவதில்லை? அழுத்தத்தைக் காக்கும் அந்தக் காவலர்களே உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிவிடுகிறார்கள். 'இதுதான் சரியான மட்டம்' என்று அதையே காக்கத் தொடங்குகிறார்கள். மூளைக்கு ஒரு செய்தியும் போவதில்லை. மனிதர் தெம்பாகவே இருக்கிறார். உள்ளே, எதிர்த்துத் தள்ளித் தள்ளி இருதயத்தின் சதை தடிக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தழும்பேறுகின்றன. கண்ணின் பின்னுள்ள குழல்கள் கசிகின்றன. மூளையின் மெல்லிய தமனிகள் நைந்துபோகின்றன. ஒருநாள் ஒன்று அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. முதல் அறிகுறியே கடைசிச் சேதமாக முடிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

ஆகவே தெரிந்துகொள்ள ஒரே வழி அளப்பதுதான். நல்லவேளை, குதிரையைக் கட்டவேண்டியதில்லை! 1896இல் இத்தாலியில் ரீவா-ரோச்சி என்ற மருத்துவர் ரப்பர்ப் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்து, நாடி நிற்கும் இடத்தைப் பாதரசத்தில் பார்த்தார். 1905இல் ருஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பட்டை தமனியை முழுதும் அமுக்கியிருக்கும்போது சத்தமில்லை. காற்றை இறக்கும்போது இரத்தம் பீறிட்டு நுழையும் முதல் தட்டல் கேட்கும் இடம் மேல் எண். தடையின்றி ஓடத் தொடங்கியதும் சத்தம் மறைகிறது. அது கீழ் எண். பாதரசக் கருவிகளைச் சுற்றுச்சூழலை முன்னிட்டு உலகமெங்கும் விலக்கிவருகிறார்கள். ஆனால் அளவு இன்னும் பாதரச மில்லிமீட்டரிலேயே சொல்லப்படுகிறது.

அளக்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றுங்கள். அதற்கு முன் அரைமணிக்குள் காபியும் புகையிலையும் வேண்டாம். கை இருதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். கை பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் எண் சுமார் 8 கூடிவிடும். இதுவும் ஹேல்ஸின் குழாய்க் கணக்குத்தான். ஒரு தடவை கூடியிருந்தால் பயப்படவேண்டாம். வேறு நாட்களில் பார்த்தும் 140க்கு 90 அல்லது அதற்குமேல் நின்றால் டாக்டரிடம் போங்கள்.

அளந்தும் ஒன்றும் செய்ய இயலாத காலம் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186க்கு 108 இருந்ததாக அவருடைய இருதய மருத்துவர் குறித்து வைத்திருக்கிறார். உலகத்திலேயே அதிகாரம் மிக்க அந்த மனிதருக்குக் கொடுக்க, அழுத்தத்தைப் பத்திரமாக இறக்கும் ஒரு மாத்திரை அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து மரித்தார். 1958இல்தான் தயசைடு வகை மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. மாத்திரையால் அழுத்தத்தை இறக்கினால் பக்கவாதமும் மரணமும் குறைகின்றன என்பதை 1967இல் அமெரிக்காவின் முன்னாள் இராணுவத்தினர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு சந்தேகமற நிரூபித்தது. இன்று அந்த மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தில் அவற்றை வீட்டு வாசலுக்கே அனுப்பத் தொடங்கியது. ஜனாதிபதிக்குக் கிடைக்காதது கொத்தனாருக்குக் கிடைக்கிறது.

கிடைத்தது, அவர் நிறுத்திவிட்டார். தெரிந்தும் நாங்கள் சும்மா இருந்தோம்.

ஓராண்டுக்குப் பின் ஒரு விடியற்காலை மேஸ்திரியை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சாரத்தில் ஏறப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கை, வலது கால் விழுந்துபோயின, பேச்சும் குழறியது. உயிர் தப்பியது. பல வாரம் பயிற்சி கொடுத்ததில் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கினார். ஆனால் கரணை பிடித்த அந்தக் கை திரும்பவில்லை.

அவர் படுக்கையருகே உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகல், இதுவரை உங்களுக்குச் சொன்னவற்றை அவருக்கும் சொல்ல முயன்றோம். குதிரைக் கதையைச் சொன்னோம். கண்ணாடிக் குழாய் என்றதும் அவர் முகம் மாறிற்று. இடது கையைத் தூக்கி, இரண்டு முனையைப் பிடிப்பதுபோலக் காட்டினார். எங்களுக்கு உடனே விளங்கவில்லை; அவர் மனைவிதான் சொன்னார்: "மட்டம் பார்க்கிற டியூப்பைச் சொல்றாரு ஐயா." கொத்தனார்கள் ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு சுவருக்கும் மட்டம் பார்ப்பார்களே, அது! முப்பது வருஷம் அவர் தினந்தோறும் கையில் பிடித்த குழாய். அதில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு அழுத்தம் கீழே இருக்கிறது என்பதை எங்களுக்கு அவரே கற்றுக்கொடுத்திருப்பார். "உங்க இரத்தம் ஒன்பது அடி ஏறி நின்னுது மேஸ்திரி" என்றோம். அவர் வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழறிய வாயோடு மெல்ல மெல்லச் சொன்னார்: "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா."

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

அன்று முதல் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். யாராவது "மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொன்னால், ஜெபித்துவிட்டுப் போய்விடுவதில்லை. அவரை அழைத்துக்கொண்டு சிஸ்டரிடம் போகிறோம். ஏன் நிறுத்தினார் என்று கேட்கிறோம். சிலருக்குக் கால் வீங்கியிருக்கும், சிலருக்கு வறட்டு இருமல் வந்திருக்கும். அவர்களுக்கு வேறு மாத்திரை இருக்கிறது. சிலரிடம் பஸ்ஸுக்குக் காசு இருந்திராது. பலர், எண் சரியாகிவிட்டது, நோய் போய்விட்டது என்று நினைத்து நிறுத்தியிருப்பார்கள். எண்ணைச் சரியாக வைத்திருப்பதே மாத்திரைதான். மடையைப் பிடித்திருக்கும் கையை எடுத்தால் மறுபடியும் பழைய நிலைதான் என்று அவர்களுக்குச் சொல்கிறோம்.

பிரியமானவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இன்று வீட்டுக்குப் போனதும், தங்களுக்கு ஒரு நோவும் இல்லை என்று சொல்லும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் வீட்டுக்காரராக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், உங்கள் வீட்டில் வேலை செய்பவராக இருக்கலாம், ஆர்மோனியம் வாசிப்பவராக இருக்கலாம். இந்த வாரத்துக்குள் அவரை அழைத்துச் சென்று ஒருமுறை அளந்து பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரானால், "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும், எங்களைப்போலச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

வாசல் பக்கத்து மேசையில் நம் சிஸ்டர்கள் இருவர் கருவியோடு காத்திருக்கிறார்கள். தேநீருக்கு முன் போங்கள். குடித்தபின் போனால் அரைமணி காத்திருக்கச் சொல்லுவார்கள். வரிசையில் முதலாவதாக நாங்களே நிற்கிறோம்.